மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீன்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

குறுந்தொகையின் 54ஆம் செய்யுளைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராக நின்றது. தினைப்புனங் காப்போரின் கவண் ஒலிக்கு வெருவிய காட்டு யானை, தான் வளைத்த பச்சை மூங்கிலைக் கைவிட, அம்மூங்கில் மீனைப் பற்றி மேலெறியும் தூண்டிற் கோலென நிமிர்கின்றது. இவ்வாறு கூறியமையால் அவர் மீனெறி தூண்டிலார் எனப்பட்டார். குறிஞ்சி நிலத்து மூங்கிலுக்கு நீர்த்துறைக் கருவியொன்று உவமையாய் வந்தமை நயத்தற்குரியது. ஆயின் அப்பாடலில் தூண்டில் உவமையாக மட்டுமே வருகின்றது. மலையோடையின் கரையில் மீன் பிடிப்பார் எவரும் அங்கு இலர். வயிற்றின் பொருட்டு மீன் பிடிப்போனின் கருவியாகத் தூண்டில் இருந்த உலகம் அது.

பிடித்த மீனை உண்பதினும் பிடிக்கும் முறையையே பெரிதாகக் கொள்ளும் வேறொரு தூண்டில் மரபு பிரித்தானியாவில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அம்மரபு, தனக்குரிய மீனையும் உடன் அழைத்துக்கொண்டு, இலங்கையின் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் சிற்றோடைகளின் கரையில் ஒரு நாளைக் கழிப்பது தோட்டத் துரைமாருக்கு உயர்ந்த இன்பமாயிற்று. அவ்வொரு நாள் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை ஆராயுமிடத்து, மீனைப் பற்றிய வரலாறு மட்டுமன்றி மனிதரைப் பற்றிய வரலாறும் வெளிப்படும்.

ட்ரவுட் குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன். ஓட்டத்தை எதிர்நோக்கி ஓரிடத்தில் நின்று, நீர் அடித்துவரும் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் கவ்வியுண்பது அதன் இயல்பு. மண்புழுவைக் கோத்தும் அதனைப் பிடிக்கலாம். ஆனால் தூண்டில் முள்ளிற் பட்டுநூலையும் பறவையிறகையும் சுற்றிப் பூச்சி போலத் தோன்றச் செய்த பொய் ஈயைக் காட்டி அதனை ஏமாற்றுவதே கலையெனக் கொள்ளப்பட்டது. இக்கலை ஆங்கிலேயருக்கே உரியதன்று. மசிடோனிய ஆறொன்றில் சிவப்புக் கம்பளிநூலையும் சேவலிறகையும் முள்ளிற் கட்டி மீன் பிடித்தோரைப் பற்றி ஈலியன் என்னும் உரோம நூலாசிரியர் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டு அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் கூறுகின்றது. ஐசாக் வோல்ற்றனின் புகழ்பெற்ற நூல் 1653இல் வெளிவந்தது. ஈத்தூண்டில் பற்றி அவரினும் நன்கறிந்தவரான சாள்ஸ் கொற்றன் எழுதிய பகுதி 1676இல் அதனுடன் சேர்க்கப்பட்டது.

சிற்றோடைக்குரிய முறையை வகுத்தவராக ஒருவரைக் குறிப்பிட வேண்டுமாயின், 1857இல் தம் நூலை வெளியிட்ட டபிள்யூ. சி. ஸ்ருவேட் என்னும் ஸ்கொத்லாந்தியரையே குறிப்பிடவேண்டும். அவரது வாதம் எளியது. தெளிந்த சிறிய நீரில் மீனின் கண்ணே தூண்டிலாளனின் பகை. மீனோ ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கின்றது. ஆதலின் அவன் கீழிருந்து மேலாக, மீனின் முதுகுப்புறமாக, ஓடைவழியே ஏறிச்செல்லல் வேண்டும். ஈயை மேற்புறம் எறிந்து, அது ஓட்டத்தோடு இயல்பாய் மிதந்துவர விடல் வேண்டும். பின்னர் 1886இல் ஹல்போட் என்பவர் நீரின் மேற்பரப்பில் மிதக்கும் உலர்ந்த ஈயைப் போற்றி நூலெழுதினார். அவருடைய வழிவந்தோர் அதுவே பெருந்தன்மையாளருக்குரிய ஒரே முறையென்றனர். 1910இல் ஸ்கியூஸ் என்பவர் நூலெழுதி அதனை மறுத்தார். நீருக்கு மேலா கீழா என்ற இவ்வாதம் சமயவாதங்களுக்குரிய கடுமையுடன் நெடுங்காலம் நடைபெற்றது. உணவுக்காக மீன் பிடிப்போர் எவரும் இத்தகைய வாதத்தில் இறங்கமாட்டார் என்பது கவனிக்கத்தக்கது. ஓய்வும் செல்வமும் உடைய வகுப்பொன்றே தன் விளையாட்டுக்குத் தானே தடைகளை விதித்து, அத்தடைகளைப் பண்பாடு எனப் பெயரிட்டு அழைக்கும்.

இவ்வகுப்பின் கிளையொன்று இலங்கையின் மத்திய மலைகளில் நிலைகொண்டது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் நுவரெலியா ஆங்கிலேயரின் உடல்நல வாசத்தலமாயிற்று. மகா எலிய என வழங்கிய உயர்சமவெளி, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைப் பெற்றது. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முனைந்தார். குதிரை, பசு, ஆட்டுக்கிடாய், வேட்டைநாய், கலப்பை ஆகியவற்றோடு கொல்லரையும் பண்ணைக் கண்காணிப்பாளரையும் அவர் கப்பலேற்றி வந்தார். 1855இல் அவர் தீவை விட்டு நீங்கினார். அவர் நாய்களுடன் மரைகளைத் துரத்திய புல்வெளியில் இன்றும் ஓர் அருவி அவர் பெயரைத் தாங்கி வீழ்கின்றது. அவர் கொணர்ந்தவற்றுள் மீன் இல்லை. ஆனால் ஊரைப் பிரிந்த ஏக்கத்தை ஊரையே பெயர்த்துக்கொணர்ந்து தீர்க்கும் மனப்பாங்கை அவரிடம் தெளிவாகக் காணலாம். பின்வந்த தோட்டத்துரைமாருள் ஸ்கொத்லாந்தியர் பலர். அவர்கள் தம் தோட்டங்களுக்கு பல்மோரல், ஹோலிறூட், வேவர்லி எனப் பெயரிட்டனர். அத்தோட்டங்களில் உழைத்த தமிழர் அப்பெயர்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. தோட்டந்தோறும் தமக்கென வேறு பெயர் வழங்கினர். ஹட்டனை அடுத்த மல்லியப்பு அத்தகைய பெயர்களுள் ஒன்று. ஒரே மலைக்கு இருவகைப் பெயர்கள் வழங்கின. அம்மலையில் வாழ்ந்த இரு சாராரின் நாள்களும் அவ்வாறே வெவ்வேறாயின.

மலையும் குளிரும் மூடுபனியும் ஸ்கொத்லாந்தை நினைவூட்டின. ஆனால் ஓடையில் மீன் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் நீரோடைகளில் சுதேச மீனினம் எதுவும் வாழவில்லை. சமவெளியின் விளிம்பில் நீர் அருவிகளாய் வீழ்வதால் கீழ்நாட்டு மீன்கள் மேலேற வழியில்லை. அந்நீர் வெறுமையான நீர் அன்று. சிறிய நன்னீர் இறாலும் நண்டும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நிறைந்திருந்த நீர் அது. தூண்டிலாளரின் கண்ணுக்கு மட்டுமே அது வெறுமையாகத் தோன்றிற்று.

ட்ரவுட்டை உயிருடன் வெப்பக் கடல்களைக் கடத்துவது நெடுங்காலம் இயலாததாயிருந்தது. அத்தடையை நீக்கியது தஸ்மேனிய முயற்சியே. 1864ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனிலிருந்து புறப்பட்ட 'நோபோக்' என்ற கப்பலில், சல்மன் முட்டைகளுடன் சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் ஈரப்பாசியில் வைக்கப்பட்டுப் பனிக்கட்டியின் கீழ் அடுக்கப்பட்டன. 7 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஏறக்குறைய இரு மாதத்திற் பொரிக்கும் முட்டை, உறைநிலையை அண்மிய குளிரில் அதனினும் நெடுநாள் பொரியாது கிடக்கும். இவ்வுண்மையே முயற்சியின் அடிப்படை. ஏப்பிரலில் ஹோபாட்டைச் சேர்ந்த முட்டைகளிலிருந்து சில நூறு ட்ரவுட் குஞ்சுகள் வெளிவந்தன. தென்கோளத்தின் முதல் ட்ரவுட் பரம்பரை அவற்றினின்றும் தோன்றியதே. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இலங்கைக்கான கடற்பயணம் சுருங்கிற்று.

பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் 1882இல் இலங்கைக்குக் கொணரப்பட்டன. அவ்வாண்டில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியைத் தாண்டவில்லை. நானுஓயா நிலையம் 1885இலேயே திறக்கப்பட்டது. எனவே, கொழும்புத் துறைமுகத்தின் வெப்பத்தைக் கடந்த அம்முட்டைகள் இறுதி மலையேற்றத்தைத் தெருவழியே முடித்திருத்தல் வேண்டும். ஆண்டையும் கவனிக்க. கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் 1869இல் தோன்றிப் பரவிப் பெருந்தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. துரைமார் பலர் நொடித்துப்போயினர். தேயிலை அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. பொருளாதாரம் சரிந்த காலத்திலும் மீன் முட்டைக்குப் பனிக்கட்டி தேடிய உள்ளத்தை வெறும் கேளிக்கை விருப்பென ஒதுக்கிவிட முடியாது. தாம் இன்னும் தாமாகவே இருக்கின்றோம் என்று தமக்கே காட்டிக்கொள்ளும் தேவை அவர்களுக்கு இருந்தது எனலாம்.

தேயிலை வென்றதும் விளையாட்டும் உறுதிபெற்றது. 1890களில் தூண்டிலாளரின் கழகமொன்று தோன்றியது. அது நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கும் நிலையமொன்றை நடத்தி ஓடைகளில் குஞ்சுகளை விட்டது. பழுப்பு ட்ரவுட் வளர்ந்ததேயன்றித் தானாகப் பல்கிப் பெருகவில்லை; ஆண்டுதோறும் புதிய குஞ்சுகளை எதிர்பார்த்து நின்றது. நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் கொணரப்பட்டது. சற்று வெப்பமான நீரையும் பொறுக்கவல்ல இம்மீனே ஹோட்டன் சமவெளியின் ஓடைகளைத் தன் வீடாக்கிக்கொண்டது. பிரித்தானியரின் ஊர் நினைவுக்காகத் தொடங்கிய முயற்சி இறுதியில் அமெரிக்க மீனொன்றால் நிறைவேறியமை வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. 1909-10 அளவில் எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் வானவில் ட்ரவுட்டை நிலைபெறச் செய்தபோது, இலங்கையிலிருந்தும் அதற்கு மீன் சென்றது. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரியில் மேற்கொண்ட முயற்சிகள் பயனளிக்கவில்லை என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி, அந்நாளைச் சற்று நெருங்கி நோக்கலாம். ஹோட்டன் சமவெளியில், தோட்டத்துரையும் இயற்கையறிஞருமான தோமஸ் ஃபாரின் பெயரால் வழங்கிய விடுதியில் தூண்டிலாளர் முதல்நாள் இரவே தங்குவர். ஒகியா நிலையத்திலிருந்து அங்கு ஏறிச்செல்லப் பல மணிநேரம் நடக்கவேண்டும். துரை ஒருவர் தம் சுமையைத் தாமே தூக்கிச்செல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. தை, மாசி மாதங்களில் விடியற்பொழுது புல்நுனிகளில் வெண்பனி உறைந்து கிடக்கும். அவ்வேளையில் தூண்டிலிடுவது பெரும்பாலும் வீண். நீர் சிறிது வெம்மையடைந்து பூச்சிகள் மேலெழுந்த பின்னரே மீன் மேய வரும். ஆதலால் வெயில் புல்வெளியில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஓடை அகன்றதன்று. கருமை படர்ந்த சிறு மடுக்களும் கூழாங்கற்கள் மேல் சலசலக்கும் ஆழமற்ற பகுதிகளும் மாறிமாறி வரும். கரையெங்கும் புற்குவியல், ஆங்காங்கே செம்பூ மலரும் முறுகிய மரங்கள். தூண்டிலாளர் குனிந்தோ முழந்தாளிட்டோ கீழிருந்து மேல்நோக்கி நகர்வார். வானத்தின் ஒளியில் அவரது நிழலுரு தோன்றினால், அன்றி அவரது காலடி கரையை அதிர்வித்தால், மீன் மறைந்துவிடும். பொய் ஈக்குப் பாரமில்லை. பாரம் நூலில் உள்ளது. கோலைப் பின்வீசி, நூல் பின்புறம் முழுதாய் விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்வீச வேண்டும். அந்தக் கணப்பொறுமை இன்றேல் நூல் சுருண்டு நீரிற் சத்தத்துடன் வீழும். செவ்வனே வீசப்பட்டால் ஈ மட்டும், காற்றில் வந்த விதைப்பஞ்சு போல, நீரில் அமரும். நீரோட்டம் நூலை இழுக்க ஈ இயல்புக்கு மாறாக நழுவினால் மீன் ஐயுறும். சில விநாடிகளே வாய்ப்பு. நீர் சிறிது குமிழியிட, மணிக்கட்டு அசைய, மூங்கிற் கோல் வளைகின்றது. அவ்வளைவில் மீனெறி தூண்டிலாரின் கண் இயல்பாகவே பதிந்திருக்கும்.

சிற்றோடையிற் கிடைக்கும் மீன் பெரும்பாலும் அரை இறாத்தலைத் தாண்டாது. சிறியவற்றை மீண்டும் நீரில் விடுவதே முறை. நண்பகலுக்குப் பின் மூடுபனி கவிந்துவிடின் ஈ கண்ணுக்குத் தெரியாது, நாள் முடிந்தது. கணக்கிட்டால் இரண்டோ மூன்றோ மீன். எனினும் அந்நாள் வீணான நாளெனக் கருதப்படவில்லை. உலகில் வேறெதனையும் எண்ணவொட்டாத கவனம் ஒரு முழு நாளுக்கு வாய்க்கின்றது. அவ்வின்பம் பொய்யானதன்று. அதனை மறுப்பது வரலாற்று மாணவனின் பணியுமன்று. அதன் விலை என்ன, கொடுத்தவர் யார் என வினவுவதே அவன் பணி.

கோல் ஒன்றை எடுத்து நோக்கினால் விடை தொடங்குகின்றது. மூங்கில் தென்சீனத்திலிருந்து வந்தது. அல்லது பிரித்தானியக் கயானாவின் கடுமரம். நுனியிழை ஸ்பானியப் பட்டுப்புழுவின் நரம்பு. ஈயிற் கட்டிய இறகுகளுள் தென்னிந்தியக் காட்டுச்சேவலின் கழுத்திறகுக்குத் தனி மதிப்பு இருந்தது. பறவையிறகு ஏற்றுமதியை இந்திய அரசு 1902இல் தடைசெய்யுமளவுக்கு அவ்வணிகம் முற்றியிருந்தது. தமிழ்நாட்டுப் புதர்க்காட்டுப் பறவையின் இறகு பிரித்தானியாவில் ஈயாகக் கட்டப்பட்டுத் தமிழர் உழைத்த மலையில் நீரில் மிதந்திருக்கக்கூடும்.

அம்மலையில் மற்றொரு நாளும் விடிந்தது. தப்பொலி கேட்டு எழுந்து, இருளில் பிரட்டுக்களத்துக்குச் சென்று, கங்காணியின் முன் நின்று தொடங்கும் நாள் அது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். செக்றோலில் பெயர் விழுந்தால் கூலியுண்டு. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. நாள் என்பதே பாதியாய் வெட்டப்படக்கூடிய பண்டம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் வழி, 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். இது தொழிலாளரைக் காக்கவென இயற்றப்பட்ட சட்டம் என்பதை மறத்தலாகாது. அரை இறாத்தல் மீனொன்றுக்காக ஒரு நாளை முழுதாய்ச் செலவிடும் உரிமை, நாளை அரையாக வெட்டும் அதிகாரம் உடையோரிடமே இருந்தது. லயத்துச் சிறுவன் ஒருவன் அதே ஓடையில் வளைத்த ஊசியும் புழுவும் இட்டு அதே மீனைப் பிடித்திருப்பின், அவன் விளையாட்டாளன் ஆகான். உரிமச்சீட்டின்றிப் பிடித்த திருடனே ஆவான். மீன் ஒன்றே. அதனைப் பிடிக்கும் முறையும் பிடிப்பவனின் நிலையும் செயலின் பெயரை மாற்றின.

தேயிலையும் ட்ரவுட்டும் ஒன்றுக்கொன்று இணங்கியனவுமல்ல. ட்ரவுட் முட்டை கூழாங்கற்களின் இடுக்கில் கிடந்து பொரிப்பது. சேறு படிந்தால் மூச்சின்றி மடியும். செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டபோது மண் ஓடைகளுக்கு வந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனைப்படி 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்க அரசு முற்பட்டிராவிடின், ஹோட்டன் சமவெளியும் தேயிலையாகியிருக்கும், ட்ரவுட்டுக்கு இடமிருந்திராது. மீனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, மீனை எண்ணிச் செய்யப்பட்டதன்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு வெள்ளைத் துரையின் காலம் முடிவுற்றது. பல தலைமுறைக்கால உழைப்பால் அம்மலையைத் தமதாக்கியோர் வந்தேறிகள் என எண்ணப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட அதே ஆண்டுகளில், உண்மையிலேயே கப்பலேறி வந்த மீன் பெலிஹுல் ஓயாவில் எவ்விதப் பத்திரமுமின்றி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மனிதரை மீனோடு ஒப்பிடுவது பொருந்தாதெனில், அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டதும் பொருந்தாததே.

ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஃபார் விடுதி இன்று வருகையாளர் நிலையமாக இயங்குகின்றது. விருந்தினராகப் போற்றி வளர்க்கப்பட்ட மீனை அறிவியலாளர் இப்போது வேறு கண்ணால் நோக்குகின்றனர். பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும், உலகில் மிகுந்த கேடு விளைக்கும் அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் நூறு கொண்ட பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. மீனில்லாத நீரில் தோன்றி, மீனுக்கு அஞ்சி ஒளியக் கற்றுக்கொள்ளாத உயிர்களுக்கு இவ்வேட்டைமீன் பெரும் அச்சுறுத்தல்.

அவற்றுள் ஒன்று, கரிடினா சிங்களென்சிஸ் என்னும் அறிவியற் பெயர் கொண்ட சிறு நன்னீர் இறால். ஹோட்டன் சமவெளியைத் தவிர உலகில் வேறெங்கும் அது வாழ்வதாக அறியப்படவில்லை. விரற்கடையளவான அவ்வுயிர் வாழும் அதே ஓடையில் இன்றும் வானவில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கின்றது. உலக முடிவைக் காணச் செல்வோர் வழியிலுள்ள ஓடையைக் குனிந்து நோக்கி, மீன் தென்பட்டால் மகிழ்ந்து பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்.